பழைய மோட்டார் காரில் துணைவிசைப் பிரேக்கைக் கால்விசைப் பிரேக்காக மாற்றுதல்

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 1,500 கிலோகிராம் எடையுள்ள காரை நிறுத்த வேண்டுமானால், ஏறக்குறைய 3,00,000 ஜூல் அளவுள்ள இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு வெப்பம் தேவை. இந்த வேலையைச் செய்வது ஓட்டுநரின் காலும் அன்று, எஞ்சினும் அன்று. சக்கரத்தோடு சுழலும் டிரம் அல்லது டிஸ்கின்மீது லைனிங் உராய்வதே இதைச் செய்கின்றது. லைனிங்கை அழுத்திப் பிடிக்கும் சிறு வேலை மட்டுமே காலுக்கு உரியது. அந்தச் சிறு வேலையிலும் பெரும்பகுதியைக் காலிடமிருந்து வாங்கிக்கொள்ளும் துணைக்கருவிக்குப் பூஸ்டர் என்று பெயர்.

பழைய கார்களைப் புதுப்பித்துப் போற்றுவோரிடையே, பூஸ்டரைக் கழற்றிவிட்டுக் கால்விசையால் மட்டும் இயங்கும் பிரேக்காக மாற்றும் வழக்கம் பரவியிருக்கின்றது. வெளித்தோற்றத்தில் இது எளிய வேலை. நான்கு நட்டுகளைக் கழற்றிப் பூஸ்டரை எடுத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைத் தகட்டில் நேராகப் பொருத்திவிட்டால் முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறு செய்த கார், பட்டறையிலிருந்து மெல்ல வெளிவரும்போது நன்றாகவே நிற்கும். சாலையில் ஒரு குழந்தை குறுக்கே ஓடும்போதுதான் குறை வெளிப்படும். அக்குறை எங்கிருந்து வருகின்றது என்பதை நெம்புகோல் விதியும் பாஸ்கல் விதியும் அறிந்த உயர்நிலைப்பள்ளி மாணவனாலேயே கணக்கிட்டுக் காட்ட முடியும்.

பூஸ்டர் செய்யும் வேலை

அமெரிக்காவில் 1921-ஆம் ஆண்டு டூசன்பர்க் கார்களில் எண்ணெய் அழுத்தப் பிரேக்குகள் நான்கு சக்கரங்களுக்கும் வந்தன. 1928-இல் பியர்ஸ் ஆரோ என்னும் காரில் எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு இயங்கும் துணைவிசை சேர்க்கப்பட்டது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில், வேகவாய் மூடியிருக்கையில், வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தமே உள்ளது. இக்குறைவே பூஸ்டருக்கு மூலதனம்.

பூஸ்டர் என்பது எஃகுத் தகட்டாலான வட்டப் பெட்டி. அதன் நடுவே ரப்பர் சவ்வு ஒன்று குறுக்கே நிற்கின்றது. மிதியை அழுத்தாதபோது சவ்வின் இரு புறமும் வெற்றிடமே இருப்பதால் அது அசைவதில்லை. மிதியை அழுத்தியதும் ஒரு வால்வு இரு அறைகளுக்கும் இடையிலுள்ள தொடர்பை அடைத்து, ஓட்டுநர் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்றை விடுகின்றது. அக்காற்றின் அழுத்தம் சவ்வையும், அதனோடு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனையும் முன்னே தள்ளுகின்றது. தள்ளுவது வெற்றிடம் அன்று, வளிமண்டலமே என்பதை ஆசிரியர்கள் வலியுறுத்த வேண்டும். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. அங்கே பூஸ்டரின் உதவியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைந்துவிடும்.

இரு வகையாகவும் விற்கப்பட்ட கார்

இம்மாற்றத்தை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, 1960-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செய்த செவர்லே வகைக் கார்கள். 1964-இல் வெளிவந்த செவெல், அதற்குப் பின் வந்த கமாரோ ஆகியவற்றில் பூஸ்டர் இயல்பாக அமைந்த உறுப்பு அன்று. கூடுதல் விலை கொடுத்தோருக்கு மட்டும் பொருத்தித் தரப்பட்டது. 1965-இல் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் பெற்ற கார்வெட் காரும் பூஸ்டர் இன்றியே விற்கப்பட்டது; விரும்பியோர் அதைத் தனியே வாங்கினர். ஆகவே ஒரே கார் இரு வகையாகவும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், வேறுபாடு பூஸ்டர்ப் பெட்டியில் மட்டும் இல்லை என்பது தெரியும். மிதியில் தள்ளுதண்டு கோக்கப்படும் துளை வேறு; மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் பெரும்பாலும் வேறு. மாற்றம் செய்வோர் மறந்துவிடுவது இவ்விரண்டையும்தான்.

பூஸ்டரை எடுக்க விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. பந்தய ஓட்டத்துக்குரிய காம் ஷாஃப்டைப் பொருத்திய எஞ்சினில், உள்விடு வால்வும் வெளிவிடு வால்வும் நெடுநேரம் ஒருங்கே திறந்திருப்பதால், எஞ்சின் மெல்ல ஓடும்போது வெற்றிடம் போதிய அளவு உண்டாவதில்லை. பெரிய எஞ்சினைப் புகுத்திய காரில் பூஸ்டருக்கு இடம் போதாமலும் போகலாம். பிரேக் பிடிப்பின் அளவைப் பாதத்தால் நேராக உணர விரும்புவோரும் உளர். ஆனால் பூஸ்டர் பழுதாயிருக்கின்றது என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுத்தெறிவது அறிவுடைமை ஆகாது. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியைப் பலமுறை அழுத்தி, எஞ்சியுள்ள வெற்றிடத்தைத் தீர்த்துவிட வேண்டும். பின்பு மிதியைக் காலால் அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்பினால், மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கின்றது; இறங்காவிட்டால் முதலில் ரப்பர்க் குழாயையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும் பார்க்க வேண்டும். வெற்றிடம் மட்டுமே குறைவு என்றால், மின்சாரத்தால் இயங்கும் வெற்றிடப் பம்பு ஒன்றைச் சேர்ப்பது பல சமயங்களில் மேலான பரிகாரம்.

கணக்கு

பிரேக் மிதி ஒரு நெம்புகோல். மேலேயுள்ள அச்சிலிருந்து பாதம் படும் இடம் 30 சென்டிமீட்டர் தொலைவிலும், தள்ளுதண்டு கோத்த துளை 7.5 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். நெம்புகோல் விகிதம் 4. பூஸ்டர் உள்ள கார்களில் இது போன்ற விகிதமே பெரும்பாலும் காணப்படுகின்றது. மேற்கூறிய செவர்லே மிதிகளில் இத்துளைக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே, அதாவது அச்சுக்கு அருகில், இன்னொரு துளை உண்டு. அதில் தண்டைக் கோத்தால் தொலைவு 5 சென்டிமீட்டர் ஆகும். விகிதம் 6 ஆக உயரும். அந்த மேல் துளை கால்விசைப் பிரேக்குக்காகவே இடப்பட்டது.

பூஸ்டர் உள்ள காரில் ஓட்டுநர் 30 கிலோகிராம் விசையோடு மிதியை அழுத்தினால், தள்ளுதண்டில் 120 கிலோகிராம் விசை கிடைக்கும். பூஸ்டரின் விட்டம் 28 சென்டிமீட்டர். சவ்வின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர். வெற்றிடம் 460 மில்லிமீட்டர் பாதரச அளவு இருப்பின், சதுர சென்டிமீட்டருக்கு 0.625 கிலோகிராம் அழுத்த வேறுபாடு உண்டாகும். முழு உதவி 375 கிலோகிராம். ஆக, பிஸ்டன்மீது 495 கிலோகிராம் விசை விழுகின்றது. இத்தகைய கார்களில் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் பெரும்பாலும் ஒன்றேகால் அரைக்கால் அங்குலம் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஓர் அங்குலமும் அதன் எட்டில் ஒரு பங்கும், அதாவது 28.6 மில்லிமீட்டர். பரப்பு 6.41 சதுர சென்டிமீட்டர். எனவே எண்ணெயில் உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 77 கிலோகிராம்.

இப்போது பூஸ்டரை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால் என்ன நேரும்? 120-ஐ 6.41-ஆல் வகுக்கக் கிடைப்பது 19-க்கும் குறைவு. முன்பிருந்த அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. முந்திய அழுத்தத்தை மீண்டும் பெற வேண்டுமானால் பாதம் ஏறத்தாழ 124 கிலோகிராம் விசையைத் தர வேண்டும். பயணிகள் காரின் பிரேக்கைச் சோதிக்கும் இன்றைய பன்னாட்டு விதிகள் மிதியின் மீது 500 நியூட்டன், அதாவது சுமார் 51 கிலோகிராம் விசைக்கு மேல் அனுமதிப்பதில்லை. சாதாரண ஓட்டுநரிடம் அதற்குமேல் எதிர்பார்க்கலாகாது என்பதே அவ்விதியின் கருத்து.

தண்டை மேல் துளைக்கு மாற்றி, விசையையும் 50 கிலோகிராமாக உயர்த்தினால் பிஸ்டன்மீது 300 கிலோகிராம் விழும். பழைய சிலிண்டரில் அழுத்தம் 47 ஆகும். ஓர் அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 5.07 சதுர சென்டிமீட்டர். அதில் அழுத்தம் 59. முக்கால் அரைக்கால் அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு 3.88, அதில் அழுத்தம் 77. பூஸ்டர் இருந்தபோது கிடைத்த அளவு அப்படியே திரும்பிவிட்டது. சிலிண்டர் சிறிதானால் அழுத்தம் பெரிதாகின்றது என்பதைக் கேட்டுப் பலர் வியப்படைகின்றனர்; பாஸ்கல் விதியோ அதைத்தான் சொல்கின்றது.

ஆனால் இவ்விடத்தில் நின்றுவிட்டால் கணக்குப் பாதியே முடிந்ததாகும். சக்கரங்களிலுள்ள பிஸ்டன்களை நகர்த்தி லைனிங்குகளை இறுகப் பிடிக்கக் குறிப்பிட்ட கன அளவு எண்ணெய் வேண்டும். பழைய சிலிண்டரின் பிஸ்டன் 15 மில்லிமீட்டர் நகர்ந்து 9.6 கன சென்டிமீட்டர் எண்ணெயை அனுப்பியது என்று கொள்வோம். அப்போது மிதி நகர்ந்த தூரம் 60 மில்லிமீட்டர். அதே எண்ணெயை அனுப்ப ஓர் அங்குலச் சிலிண்டரின் பிஸ்டன் 19 மில்லிமீட்டர் நகர வேண்டும். மிதியோ 6 மடங்காக, 114 மில்லிமீட்டர் இறங்கும். 22.2 மில்லிமீட்டர் சிலிண்டரில் மிதி 149 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். பல கார்களில் மிதிக்கும் தரைக்கும் இடையே இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

மேலே கண்ட எண்களை வேலையாக மாற்றிப் பார்த்தால் காரணம் விளங்கும். விசை முழுத் தூரத்துக்கும் ஒரே அளவில் இருப்பதாகக் கொண்டால், பூஸ்டர் உள்ள காரில் பிஸ்டன்மீது செய்யப்படும் வேலை ஏறக்குறைய 73 ஜூல். அதில் கால் தருவது 18 ஜூல். எஞ்சிய 55 ஜூலைப் பூஸ்டர் தருகின்றது. பூஸ்டரை எடுத்துவிட்டால் அந்த 55 ஜூலையும் கால்தான் தந்தாக வேண்டும். துளையை மாற்றுவதும் சிலிண்டரைச் சிறிதாக்குவதும் விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுமேயன்றி, வேலையைக் குறைக்க மாட்டா.

ஆகையால் எந்த அளவைத் தேர்வது? முன்சக்கரத்தில் டிஸ்க்கும் பின்சக்கரத்தில் டிரம்மும் உள்ள இத்தகைய கார்களுக்கு ஓர் அங்குலச் சிலிண்டரே தக்க நடுவழி. 22.2 மில்லிமீட்டர் சிலிண்டர் மிதியை இலேசாக்கிக் காட்டி ஓட்டுநரை மகிழ்விக்கும். எனினும் அதில் ஒரு கேடு உண்டு. 1967 மாடல் முதல் இக்கார்களில் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றோர் அறையின் எண்ணெய் இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும். ஆனால் அப்போது வெற்றறையின் பிஸ்டன் வீணே ஓடிமுடிந்த பிறகே மற்ற அறை வேலைசெய்யத் தொடங்கும். மிதி இயல்பைவிட வெகு கீழே இறங்கும். இயல்பான நிலையிலேயே மிதி தரையைத் தொடுமளவு இறங்குகின்ற காரில் இந்தப் பாதுகாப்பு இல்லாமற் போகின்றது.

ஓர் அங்குலச் சிலிண்டரில் குறைவுபடும் அழுத்தத்தை லைனிங்கின் உராய்வால் ஓரளவு ஈடுசெய்யலாம். அமெரிக்க லைனிங்குகளின் விளிம்பில் இரண்டு எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது குளிர்ந்த நிலையிலும் இரண்டாவது சூடான நிலையிலும் உள்ள உராய்வுக் கெழுவைக் குறிக்கும். ‘ஈ’ என்பது 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்பது 0.35 முதல் 0.45 வரை. உராய்வுக் கெழு 0.30-இலிருந்து 0.40 ஆனால் டிஸ்கின் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். அழுத்தம் 59 ஆயினும் பலன் ஏறக்குறைய 79-க்குச் சமம்.

நான்கு சக்கரங்களிலும் டிரம் உள்ள காரில் இத்தனை கவலை இல்லை. சுழலும் டிரம் முன்பக்கத்து லைனிங் காலணியைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்குவதால் பிரேக் தனக்குத் தானே உதவிக்கொள்கின்றது. டிஸ்க் பிரேக்குக்கு அத்தன்மை இல்லாததால் அதற்கு மிகுந்த எண்ணெய் அழுத்தம் தேவை. டிஸ்க்கோடு பூஸ்டரும் பரவியதன் காரணம் இதுவே. நம் நாட்டில் ஓடிய தொடக்ககால அம்பாஸடர் கார்கள் நான்கு டிரம்களோடும் பூஸ்டர் இன்றியுமே இயங்கின.

வகுப்பில் காட்டத்தக்க சோதனை

மருந்தேற்றப் பயன்படும் ஊசியற்ற பீச்சுகுழல்கள் பெரிதொன்றும் சிறிதொன்றும் எடுத்து, இரண்டையும் ரப்பர்க் குழாயால் இணைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீரால் நிரப்புக. பெரிய குழலின் தண்டின்மீது ஒரு புத்தகக் கட்டை வைத்துச் சிறிய குழலை அழுத்தினால் கட்டு எளிதில் எழும்பும். ஆனால் விரல் செல்லும் தூரம் மிகுதி. குழல்களை இடம் மாற்றினால் விரல் வலிக்கும்; தூரமோ சிறிது. பின்னர் வேண்டுமென்றே சிறு காற்றுக்குமிழ் ஒன்றை விட்டுக் காட்டினால், தண்டு பஞ்சுபோல் அமுங்குவதைக் கண்டு, பிரேக்கில் காற்று எடுப்பது எதற்கு என்பதை மாணவர்கள் தாமே சொல்லிவிடுவர்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

பணியாளர் எல்லாவற்றுக்கும் முதலில் காண வேண்டியது புதிய மாஸ்டர் சிலிண்டரின் பின்முனை. பூஸ்டருக்கென்று செய்த சிலிண்டரில் பிஸ்டனின் பின்புறம் ஆழமற்ற சிறு குழி மட்டுமே இருக்கும். பூஸ்டரின் தண்டு எப்போதும் நேரே நின்று அதைத் தாங்குவதால் அது போதும். கால்விசைச் சிலிண்டரிலோ தண்டு உள்ளே புகுந்து நிற்கும் ஆழமான துளை இருக்கும். ஆழமற்ற குழியில் நீண்ட தண்டை நிறுத்தி ஓட்டினால், காலைச் சட்டென எடுக்கும் ஏதேனும் ஒரு வேளையில் தண்டு நழுவிக் கீழே விழும். அடுத்த முறை மிதிக்கும்போது பிரேக்கே இராது. எண்ணெய்க் கசிவு போல இது முன்னறிவிப்புத் தருவதில்லை. விட்டம் எவ்வளவு பொருத்தமாயிருந்தாலும் இத்தகைய சிலிண்டரைப் பயன்படுத்தவே கூடாது.

தண்டு மேல் துளையிலிருந்து சிலிண்டருக்கு ஏறத்தாழ நேர்கோட்டில் செல்ல வேண்டும். சாய்ந்து சென்றால் பிஸ்டனைப் பக்கவாட்டில் தள்ளி வாஷரைத் தேய்க்கும். தண்டின் நீளத்தைச் சரிசெய்யும்போது, மிதி ஓய்வில் இருக்கையில் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இந்த அற்ப இடைவெளியை வீணென்று கருதி நீக்கிவிடுவோர் உண்டு. அப்போது பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளையை மறைத்து நிற்கும். ஓடும்போது சூடேறி விரியும் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லாமல், பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும். பிடிப்பதால் மேலும் சூடேறும்.

நான்கு டிரம்களுக்கென்று செய்த பழைய சிலிண்டர்களின் வெளிவாயில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.7 கிலோகிராம் அழுத்தத்தைக் குழாயில் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அது டிரம்முக்கு ஏற்றது. டிஸ்க்குக்குச் செல்லும் வாயில் அது இருந்தால் லைனிங் ஓயாமல் உரசித் தேயும். எஞ்சினில் பூஸ்டர்க் குழாய் இருந்த வாயை இறுக அடைக்க வேண்டும். இல்லையேல் காற்றுப் புகுந்து எஞ்சின் நடுங்கி ஓடும். மிதியின் ஓய்வுநிலை மாறியிருக்குமாதலால் பின்புறச் சிவப்பு விளக்கின் சுவிட்சையும் திருத்த வேண்டும்.

புதிய சிலிண்டரைக் காரில் ஏற்றுமுன் வைஸில் பிடித்து, அதன் வாய்களிலிருந்து சிறு குழாய்களைத் தொட்டிக்கே திருப்பிவிட்டுப் பிஸ்டனை மெல்ல மெல்லத் தள்ளிக் காற்றை வெளியேற்றுக. பின்பு காரில் பொருத்தி, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி, அண்மையிலுள்ள சக்கரத்தில் முடியுமாறு காற்று எடுக்க வேண்டும். திறந்து பல நாள் வைத்த பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத கொதிநிலை உடையது. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும்.

இந்தியாவில் பதிவான காரானால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் நினைவில் கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழின் விவரங்கள், தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடுமாறு வாகனத்தை மாற்ற அப்பிரிவு தடை விதிக்கின்றது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவது நலம்.

சோதனை

கார் நின்ற நிலையில் மிதியை முழு வலுவோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி மெல்ல இறங்குமானால் எங்கோ கசிவு உண்டு, காரை நகர்த்தலாகாது. 50 கிலோகிராம் விசை எத்தகையது என்பதைப் பலர் அறியார். உடல் எடை காட்டும் யந்திரம் ஒன்றைச் சுவரில் சாய்த்து, நகராத நாற்காலியில் அமர்ந்து ஒரு காலால் தள்ளிப் பார்த்தால் அது தெரியும். வலுவுள்ள இளைஞருக்கு அது பெரிதன்று. முழங்கால் வலி உள்ள முதியவர் அந்த எண்ணை எட்டாமற் போகலாம். அந்தக் காரை ஓட்டப்போகின்ற ஒவ்வொருவரும் இச்சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். எட்டாதவருக்காகப் பூஸ்டரை மீண்டும் பொருத்துவதே வழி.

அதன் பின்பு ஆளில்லாத வெளியில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 40, 60 என்று படிப்படியாக உயர்த்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மிதி எவ்வளவு இறங்கியது என்பதையும், பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முந்திப் பூட்டிக்கொள்கின்றனவா என்பதையும் உடன் இருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். இறுதியாக, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அடுத்தடுத்து ஐந்தாறு முறை நிறுத்தியபின், நான்கு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றுக. தடையின்றிச் சுழலாத சக்கரம் இருப்பின், மீண்டும் அந்த 1.5 மில்லிமீட்டர் இடைவெளியிலிருந்து பார்வையைத் தொடங்க வேண்டும்.